சுருளில் விழாத நாள் – 14

அழைப்பிதழ் அச்சாகி வீடு வீடாகப் போய்ச் சேர்ந்த பிறகுதான் மீட்டர்காரர் அதைக் கண்ணால் பார்த்தார் என்று போன வாரம் சொல்லியிருந்தோம். அவருடைய கண்காட்சிக்கு அவரே கடைசி விருந்தாளி. போட்டோ கிளப்பின் இளவட்டங்கள் "சாருக்கு ஒரு சர்ப்ரைஸ்" என்று கூடிப் பேசி, இருபத்தைந்து வருடம் அவருடைய கலர் ஃபிலிம்களைக் கழுவித் தந்த லேப்காரரைத் திறப்பாளராகப் போட்டுவிட்டார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. அவர்களுக்கு என்ன தெரியும், பாவம்.

சனிக்கிழமை விடிந்தது. மாலை நான்கு மணிக்கு நூலக ஹாலில் திறப்பு.

முப்பத்தொரு வருடம் வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் படித்தவர் நம் ஆள். அதற்கு முன்பே, பத்தொன்பது வயதில், ஒரு பழைய கேமரா கைக்கு வந்துவிட்டது. மீட்டர் படிக்கப் போன இடமெல்லாம் தோள்பையில் அதுவும் போனது. மணியடித்தால் கதவு திறக்கும். திறந்தவர்களிடம் கேட்டு, நிலைப்படியில் நிற்கவைத்து ஒரு படம் எடுத்துக்கொள்வார். சோப்பு நுரைக் கையோடு, பாதி ஷேவிங்கோடு, இடுப்பில் பிள்ளையோடு நின்றவர்கள். அதில் அறுபத்திரண்டு படங்கள்தான் இன்று சுவரேறப் போகின்றன. போட்டிகளில் ஆறுதல் பரிசைத் தாண்டி எதுவும் வாங்காத மனிதருக்கு நாற்பத்து மூன்று வருடத்தில் முதல் கண்காட்சி.

சந்தோஷமாக இருக்க வேண்டிய காலை. அவர் காப்பியை ஆறவிட்டு உட்கார்ந்திருந்தார்.

மனைவி நாற்காலி எண்ண ஹாலுக்குப் போய்விட்டாள். மகள் சாப்பாட்டு மேஜையில் படங்களுக்கான பெயர்ச்சீட்டுகளை வெட்டிக்கொண்டிருந்தாள். ஸ்கேன் சென்டரில் எக்ஸ்ரே எடுக்கிறவள். கையில் எது கிடைத்தாலும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிற பழக்கம் அவளுக்கு. வியாழக்கிழமை அவளுடைய அத்தை ஒரு கவரைக் கொடுத்து, "இது என் கல்யாண ஃபிலிம். லேப்காரன் கெடுத்தது. இப்ப கம்ப்யூட்டர்ல என்னென்னமோ பண்றாங்களே, தாத்தா முகம் மட்டுமாவது வருதா பாரு" என்று கேட்டபோதும் அப்படித்தான் ஜன்னலில் பிடித்துப் பார்த்தாள். பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் கவருக்குள் போட்டுக்கொண்டாள்.

இன்றைக்குச் சொன்னாள், கத்தரிக்கோலைக் கீழே வைக்காமலே.

"அப்பா, அந்த ஃபிலிம் லேப்ல கெடல."

மீட்டர்காரர் ஆறிய காப்பியைக் கையில் எடுத்தார்.

"ஓரத்துல நம்பர் எல்லாம் பளிச்சுன்னு வந்திருக்கு. அது கம்பெனியிலேயே பதிச்சு வர்றது, கழுவினாத்தான் தெரியும். மருந்து சரியில்லன்னா அந்த நம்பரே வந்திருக்காது. லைட்டு பட்டிருந்தா மொத்தமும் கறுத்திருக்கும். இது சுத்தமா கழுவின ஃபிலிம். நடுவுல படந்தான் இல்ல. அது கேமராவுக்குள்ள நகரவே இல்லப்பா."

"ம்."

"உங்களுக்குத் தெரியும்தானே?"

பெற்ற மகள் முன்னால் தலை குனிந்து உட்கார்ந்திருப்பது என்ன என்று அறுபத்திரண்டு வயதில் தெரிந்துகொண்டார்.

"அத்தைக்கு நான் பதில் சொல்லணும். அதுக்கு முன்னாடி நீங்க சொல்லிட்டா நல்லது" என்றாள் மகள். குரலில் கோபம் இல்லை. கோபித்திருந்தால் அவரும் பதிலுக்கு ஏதாவது சத்தம் போட்டுத் தப்பித்திருப்பார்.

அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. பாப்பா.

பாப்பா என்றால் குழந்தை இல்லை. மீட்டர்காரரின் தங்கை, ஐம்பத்தேழு வயது, பெரிய ஆஸ்பத்திரியின் தலைமை நர்ஸ். அவள் செருப்புச் சத்தம் கேட்டாலே வார்டு பாய் முதல் டாக்டர் வரை சட்டைப் பட்டனைச் சரிபார்ப்பார்கள். வீட்டில் மட்டும் அவள் இன்னும் பாப்பா.

"கார்டைப் பார்த்தேன். திறந்து வைக்க உனக்கு வேற ஆளே கிடைக்கலையா?"

"பசங்க பண்ணினது பாப்பா. எனக்கே தெரியாது."

"என் கல்யாணத்தை ஒண்ணுமில்லாம ஆக்கின ஆளு. அப்பாவோட ஒரே போட்டோவைக் கழுவி ஊத்தின ஆளு. அவன் ரிப்பன் வெட்டுவான், நான் கை தட்டணுமா?"

"அதெல்லாம் பழைய..."

"எனக்குப் பழசில்ல. அவனா நானான்னு முடிவு பண்ணிக்கோ. ஒரு மணிக்கு வரேன்."

வைத்துவிட்டாள். மீட்டர்காரர் எழுந்து சட்டை மாட்டினார்.

"எங்க கிளம்பிட்டீங்க?"

"ஆணி வாங்கணும்" என்றார். ஆணி வீட்டில் ஒரு டப்பா நிறைய இருந்தது. மகள் அந்த டப்பாவைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள், மறுபடி வெட்ட ஆரம்பித்தாள்.

லேப்காரர் வீடு இரண்டு பஸ் நிறுத்தம் தள்ளி, மருமகளின் ஜெராக்ஸ் கடைக்கு மேலே. மாடிப்படி ஏறும்போது மீட்டர்காரர் பேச்சை ஒத்திகை பார்த்துக்கொண்டே ஏறினார். 'உடம்பு எப்படி இருக்கு', 'கூட்டம் வேற அதிகமா இருக்கும்', 'இந்த வயசுல எதுக்கு அலைச்சல்'. சும்மா சொல்லக் கூடாது, நன்றாகவே பூசி மெழுகியிருந்தார்.

கதவைத் திறந்த லேப்காரரைப் பார்த்ததும் அத்தனையும் மறந்து போனது. எழுபத்தெட்டு வயது மனிதர் புதிதாக முடி வெட்டி, கழுத்தில் பவுடர் போட்டு, இஸ்திரிச் சூடு ஆறாத வெள்ளைச் சட்டையில் நின்றார். மணி பத்தரைதான் ஆகியிருந்தது.

"போட்டுப் பார்த்தேன்" என்றார் லேப்காரர், பிடிபட்டவர் மாதிரிச் சிரித்துக்கொண்டு. "சாயங்காலம் வரைக்கும் கசங்காம உட்காரணும். வாங்க, வாங்க. ஒரு பேச்சு எழுதி வச்சிருக்கேன். ரெண்டு நிமிஷம்தான். மூணாவது நிமிஷம் எனக்கு இருமல் வந்துடும்."

மேஜைமேல் ஒரு ஜெராக்ஸ் தாள். பின்பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதியிருந்தது. மீட்டர்காரர் அந்தப் பக்கம் பார்க்காமல் உட்கார்ந்தார்.

"உடம்பு எப்படி இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு."

"கூட்டம் அதிகமா இருக்கும்னு சொல்றாங்க. மாடி வேற."

"நூலகம் கீழ்த்தளம்தானே?"

லேப்காரர் மீட்டர்காரரையே கொஞ்ச நேரம் பார்த்தார். ஃபிலிமைக் கையில் வாங்கும்போதே கேட்காமலே இது எங்கே கெட்டது என்று சொல்லக்கூடிய மனிதர். இவரை அளக்கவும் அவருக்கு நேரம் பிடிக்கவில்லை.

"தங்கச்சி வருதா?"

"வரா."

"அப்ப நான் வரல" என்றார் லேப்காரர். அவ்வளவுதான். காலர் பட்டனைக் கழற்ற ஆரம்பித்தார். விரல்கள் சரியாக வளையவில்லை, நேரம் பிடித்தது. உதவி செய்யக் கைநீட்டலாமா என்று மீட்டர்காரருக்குத் தோன்றியது. எந்த முகத்தோடு நீட்டுவது?

வந்த வேலை முடிந்துவிட்டது. எழுந்து போயிருக்கலாம். ஆனால் நாற்காலி விடவில்லை.

"அன்னைக்கு ஏன் நீங்க சொல்லல?" என்று கேட்டார்.

முப்பத்து நான்கு வருடமாகக் கேட்காத கேள்வி. அன்றைக்குப் பாப்பா கல்யாணமான பத்தாம் நாள், கடை நிறைய ஆட்கள் இருந்தபோது, கவுண்ட்டரில் அந்த வெறும் ஃபிலிமை வீசி, "குடிச்சுட்டுத்தான் கழுவினீங்களா?" என்று கேட்டாள். அண்ணன் அவளுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். லேப்காரர் ஃபிலிமைத் தூக்கிப் பார்த்தார், பிறகு அண்ணனைப் பார்த்தார், பிறகு "மன்னிச்சுக்கோங்கம்மா" என்றார். கதை அதோடு முடியவில்லை. பாப்பா ஆஸ்பத்திரி முழுக்கச் சொன்னாள். கல்யாண ஃபிலிம் எதுவும் அதற்குப் பிறகு அந்தக் கடைக்கு வரவில்லை.

"நீங்க சொல்வீங்கன்னு நின்னேன்" என்றார் லேப்காரர். "ஒரு நிமிஷம் பார்த்தேன். இன்னொரு நிமிஷமும் பார்த்தேன். அதுக்கப்புறம் நான் வாயைத் திறந்தா, தப்பிக்கிறதுக்காகப் பழியைத் திருப்பிப் போடறேன்னு ஆயிடும். வாடிக்கைக்காரனை நாலு பேர் முன்னாடி காட்டிக் கொடுத்தவன்னு ஒரு பேரு வேற."

"அப்புறமாவது..."

"என்னைப் பெரிய மகான்னு நினைச்சுக்காதீங்க. அப்பதான் எதிர்ல இன்னொரு லேப் வந்திருந்துது. நீங்க கோவிச்சுக்கிட்டா உங்க கிளப்பு மொத்தமும் அங்க போயிடும்னு பயந்தேன்." சட்டையைக் கழற்றி ஹேங்கரில் மாட்டினார். பனியனோடு நின்றபோது இன்னும் சின்னதாகத் தெரிந்தார். "குடிகாரன்னு சொன்னதுதான் கொஞ்சம் கஷ்டமாப் போச்சு. என் சம்சாரம் உள்ள நின்னுக்கிட்டிருந்தா. நான் தொட்டதே இல்லன்னு அவளுக்குத் தெரியும். ஆனாலும் அவ அப்புறம் கடைப்பக்கம் வரவே இல்ல."

அந்த அம்மாள் இறந்து ஏழு வருடம். மீட்டர்காரர் சாவுக்குப் போயிருந்தார். போய் ஓரமாக நின்றுவிட்டு வந்திருந்தார்.

"படங்க நல்லா இருக்குன்னு சொல்லுங்க" என்றார் லேப்காரர் கதவருகில். "நான் சொன்னதா வேண்டாம். பொதுவா."

திரும்பி வரும்போது மீட்டர்காரர் பஸ் ஏறவில்லை. நடந்தார். அவமானத்தோடு பஸ்ஸில் உட்கார்ந்து போக முடியாது, யாராவது பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுவார்கள்.

ஒன்றை வாசகர்களிடம் இப்போதே சொல்லிவிட வேண்டும். மகள் கண்டுபிடித்தது பாதிதான். லேப்காரருக்குத் தெரிந்ததும் பாதிதான்.

கல்யாணத்துக்கு ஸ்டுடியோ ஆளை வைக்கலாம் என்று மாப்பிள்ளை வீட்டில் சொன்னார்கள். "நான் எதுக்கு இருக்கேன்?" என்று மார்தட்டியவர் இவர்தான். மாப்பிள்ளையின் சித்தப்பா ஒருவர், "மீட்டர் ரீடிங் எடுக்கிறவர் போட்டோவும் எடுப்பாரா?" என்று கல்யாண ஹாலே கேட்கும்படி சிரித்தார். இருபத்தெட்டு வயது ரோஷம். அந்தக் கொதிப்பில் ஃபிலிமை ஏற்றியபோது அதன் நுனி உள்சக்கரத்தில் சரியாக மாட்டவில்லை. சுற்றும் கைப்பிடியைத் தள்ளத் தள்ள எண்ணிக்கை மட்டும் ஏறியது. ஃபிலிம் இருந்த இடத்திலேயே இருந்தது.

இது எந்தப் படக்காரனுக்கும் வரக்கூடிய தவறு. கிளப்பில் இதைச் சொல்லிச் சிரித்துக்கொள்வார்கள்.

ஆனால் ஒரு ஃபிலிமில் முப்பத்தாறு படம்தான். முப்பத்தாறோடு கைப்பிடி இறுகி நின்றுவிட வேண்டும். அன்றைக்கு அது முப்பத்தேழுக்கும் போனது. முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது. நாற்பதும் வந்தது. என்ன ஆகியிருக்கிறது என்று மீட்டர்காரருக்கு அந்த நொடியே தெரிந்துவிட்டது. எல்லோரும் எதிரிலேயே இருந்தார்கள். கேமராவைக் கண்டாலே எழுந்து போய்விடுகிற அப்பா, வாழ்க்கையில் முதல்முறையாகப் பாப்பாவின் தோளில் கைவைத்து நேராக நின்றுகொண்டிருந்தார். பையில் பிரிக்காத ஃபிலிம் ஒன்றும் இருந்தது. "ஐந்து நிமிஷம், மறுபடி நில்லுங்க" என்றால் போதும்.

சித்தப்பா அங்கேதான் நின்றார். இவர் வாயைத் திறக்கவில்லை.

மறுநாள் அந்த வெறும் ஃபிலிமை, வெறும் ஃபிலிம் என்று தெரிந்தே, கழுவக் கொடுத்தார். அந்த வருடம் முடிவதற்குள் அப்பா போய்விட்டார்.

இத்தனை வருடத்தில் இதை அவர் மனைவியிடம் சொன்னதில்லை. தனக்குத்தானே முழுசாகச் சொல்லிக்கொண்டதும் இல்லை. கதவு திறந்தவர்களை எல்லாம் பொறுமையாக இரண்டு முறை, மூன்று முறை எடுப்பார். "எதுக்கு சார் இத்தனை?" என்று கேட்பார்கள். "விழுந்துதான்னு சந்தேகம்" என்பார். எல்லோரும் அதை அடக்கம் என்று நினைத்தார்கள்.

ஒரு மணிக்குச் சொன்னபடி பாப்பா வந்தாள். நீலப் புடவை, கையில் ஒரு பை. சண்டைக்கு வந்தவள் முகமாக இல்லை.

"அந்த ஆளு வரலையாமே. பசங்க போன் பண்ணினாங்க, உடம்பு சரியில்லன்னு சொல்லிட்டாராம்." நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "நீதான் போய்ப் பேசியிருப்ப. எனக்குத் தெரியாதா உன்னை. எனக்காக எதையும் செய்வ நீ."

மேஜையின் அந்தப் பக்கம் மகள் கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள்.

"இந்தா, புதுச் சட்டை. அந்தப் பழைய கட்டம் போட்டதைப் போட்டுக்கிட்டு வந்து நிக்காத. இன்னைக்காவது பார்க்கிற மாதிரி இரு." பாப்பா சட்டையைப் பிரித்து அண்ணன் தோளில் வைத்து அளவு பார்த்தாள்.

அந்தக் கை தோளில் பட்டதும்தான் மீட்டர்காரரால் தாங்க முடியவில்லை. திட்டியிருந்தால் இன்னொரு முப்பது வருடம் ஓட்டியிருப்பார்.

"பாப்பா, லேப்காரர் கெடுக்கல."

"என்ன?"

"ஃபிலிமை நான்தான் சரியா ஏத்தல. சுத்தவே இல்ல அது. ஒரு படமும் விழல. அவர் மேல ஒரு தப்பும் இல்ல."

பாப்பா அண்ணன் மகளைப் பார்த்தாள். மகள் தலையசைத்தாள்.

சட்டையை மெதுவாக மடித்தாள் பாப்பா. மடித்ததையே மறுபடி மடித்தாள். வார்டே நடுங்குகிற அந்த முகம் கொஞ்சம் கொஞ்சமாகச் சிவந்தது, ஆனால் அது அண்ணன் மேல் வந்த கோபம் இல்லை.

"நான் அவரைக் குடிகாரன்னு சொன்னேன். அத்தனை பேர் முன்னாடி."

"ஆமா."

"பார்த்த இடத்துல எல்லாம் சொன்னேன். புதுசா சேர்ற நர்சுங்ககிட்டகூட, கல்யாணம்னா அந்தக் கடைக்குப் போகாதீங்கன்னு சொல்லியிருக்கேன்." முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "அவர் மன்னிப்பு வேற கேட்டாரே அண்ணா. என்கிட்ட."

"பாப்பா..."

"சரி விடு. ஏத்தத் தெரியாம ஏத்திட்ட. தப்பு யாருக்கும் வரும். ஒரு நோயாளிக்கு நான் மருந்து மாத்திக் கொடுக்கப் போயி கடைசி நிமிஷத்துல பார்த்திருக்கேன். அப்பவே சொல்லியிருந்தா ரெண்டு நாள் அழுதிருப்பேன், அவ்வளவுதான்." பாப்பா அப்படித்தான். கொட்டுகிற வேகத்தில் ஆறிவிடுவாள். "எப்ப தெரிஞ்சுது உனக்கு?"

சாதாரணமாகத்தான் கேட்டாள். 'கழுவி வந்தப்பதான்' என்று ஒரு வார்த்தை சொன்னால் இத்தோடு முடிந்தது. மன்னிப்பு ஏறக்குறைய கைக்கு வந்துவிட்டது. மறுத்துச் சொல்ல உலகத்தில் ஒரு சாட்சி இல்லை. மகளுக்கும் தெரியாது, லேப்காரருக்கும் தெரியாது. மீட்டர்காரர் அந்தப் பதிலை வாய்வரை கொண்டுவந்தார்.

"ஹால்லயே" என்றார்.

"ஹால்லயேன்னா?"

"நாப்பதாவது படத்துல. எண்ணிக்கை நிக்காம போயிட்டே இருந்துது. அப்பவே தெரியும். பையில இன்னொரு ஃபிலிமும் இருந்துது. அந்தச் சித்தப்பா சிரிப்பாருன்னு..."

"அப்பா எங்க இருந்தார் அப்ப?"

"உன் பக்கத்துலதான். இன்னும் நின்னுக்கிட்டிருந்தார்."

பாப்பா சட்டை மடிப்பை நீவினாள்.

"என்னைப் பார்த்து, 'முடிஞ்சுதாடா, கோட்டைக் கழட்டலாமா?'ன்னு கேட்டார்."

"நீ என்ன சொன்ன?"

"கழட்டிக்கோங்கப்பான்னு சொன்னேன்."

பாப்பா எழுந்தாள். சட்டையை மேஜைமேல் வைத்தாள். அண்ணனிடம் பேசாமல் அவர் மகளிடம் திரும்பினாள்.

"அவர் வீடு உனக்குத் தெரியுமா?"

"தெரியும் அத்தை."

"வா. கூட்டிட்டுப் போ. வருவாரா மாட்டாரான்னு தெரியல. கதவையாவது தட்டணும்."

மகள் சாவியை எடுத்துக்கொண்டாள். அப்பாவைக் கடந்து போகும்போது ஒரு நொடி நின்றாள், ஆனால் அவரைத் தொடவில்லை. பாப்பா வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு, உள்ளே பார்க்காமலே பேசினாள். அதட்டலே இல்லாத குரல். அதுதான் அவளுடைய குரல்களிலேயே பயங்கரமானது.

"நாலு மணிக்கு அந்த ஹால்ல என் ஆஸ்பத்திரி ஆளுங்க இருபது பேர் இருப்பாங்க. அவரைப் பத்தி நான் சொன்னதைக் கேட்டவங்க. அவங்க முன்னாடி ஒருத்தர் எழுந்து நின்னு உண்மையைச் சொல்லணும். நீங்க சொல்றீங்களா, நான் சொல்லவா?"

ஐம்பத்தேழு வருடத்தில் பாப்பா அண்ணனை ஒருநாளும் 'நீங்க' என்று கூப்பிட்டதில்லை.

பதிலுக்குக் காத்திராமல் இரண்டு பேரும் இறங்கிப் போனார்கள். சுவர்க்கடிகாரத்தில் மணி இரண்டாக இன்னும் பத்து நிமிடம் இருந்தது. மீட்டர்காரர் கதவைச் சாத்தினார். மேஜைக்குப் பக்கத்தில் வந்து, கூட்டத்தின் முன் நிற்பதுபோல நின்று, "என் தங்கச்சி கல்யாணத்துல" என்று ஆரம்பித்துப் பார்த்தார். வீட்டில் ஒருவரும் இல்லை. இருந்தும் அதற்கு மேல் குரல் வரவில்லை. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்.